பால் கேனும் ரூத் டீச்சரின் கையெழுத்தும்

1. கோர்ட்டில் கிடைத்த அடி

"அந்தத் தெரு ஸ்டேஷனுக்குக் கிழக்கா, மேற்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

கூண்டில் நின்ற எங்கள் சாட்சி மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் "அந்தப் பக்கம்" என்று ஜன்னலைக் காட்டினார். கோர்ட்டே சிரித்தது. கஞ்சா பொட்டலங்களை அந்தத் தெருவில் தன் கண்ணெதிரே போலீஸ் கைப்பற்றியதாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். கேஸ் தள்ளுபடி. குற்றம் சாட்டப்பட்ட பாஸ்கர் வெளியே வந்து, வராண்டாவில் நின்ற எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தாம்பரத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு ஸ்டேஷனில் நான் ரைட்டர். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ரைட்டர் என்றால் புகாரை எழுதுவது, எங்கே என்ன கைப்பற்றினோம் என்று சாட்சிகள் முன்னால் மகஜர் எழுதுவது, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவது என்று ஸ்டேஷனின் பேனாவே அவன் கையில்தான். அந்தச் சாட்சியைப் பிடித்து வந்ததும் நான்தான். ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் எப்போதும் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வருவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். தெருக்காரர்கள் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள் என்பது என் முடிவு. ஒருவரைக்கூட நான் கேட்டுப் பார்த்ததில்லை.

2. புகார் கொடுத்த மறுநாள்

பாஸ்கரின் பெட்டிக்கடை ஒரு புதிய காலனியின் நடுத்தெருவில் இருந்தது. வயலை மனை போட்டு விற்ற இடம். ஆசிரியர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வீடு கட்டி வந்துகொண்டிருந்தார்கள். கடையில் முன்னால் சோடா, பீடி. கேட்டவருக்குப் பின்னாலிருந்து கஞ்சா. சாயங்காலமானால் வெளியாட்கள் தெரு நெடுக நிற்பார்கள். பெண்கள் அந்த வழியே நடக்க முடியாது. அந்தத் தெருவில் லேத் வேலை பார்த்த ஒருவர் போதையில் மெஷினில் கையைக் கொடுத்து இரண்டு விரலை இழந்திருந்தார். நாங்கள் போனால் தெருமுனையில் நிற்கும் இரண்டு பேர் விசிலடிப்பார்கள். கடையில் சோடாவைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு தடவை சிக்கிய பொட்டலங்கள்தான் கோர்ட்டில் தோற்ற அந்த கேஸ்.

கேஸ் தோற்ற அடுத்த வாரம் அந்தத் தெருவிலிருந்து ரூத் டீச்சர் புகாருடன் வந்தார். நாற்பது வயது இருக்கும். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்த தம்பி டேனியலோடு இருந்தார். நான் புகாரை வாங்கி ரசீது கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளே திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"ரைட்டர் சார், நேத்து நான் இங்க வந்தது உங்க நாலு பேருக்குத்தான் தெரியும். இன்னிக்குக் காலைல பாஸ்கர் என் கேட்டுல நின்னு, 'டீச்சர், ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தீங்களாமே, காபி குடுத்தாங்களா'ன்னு கேக்கறான். எப்படி சார்?"

எங்களுக்குள்ளேயே ஒருவன் சொல்லியிருக்கிறான். உள்ளே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் வேலாயுதம் இதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். இளைஞர். எங்கள் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான்.

"தப்பு எங்க மேலதாம்மா" என்றார்.

"தப்புன்னு சொல்லி என்ன சார் பிரயோஜனம்? இனிமே நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். உங்களுக்கு நிஜமாவே அவனைப் பிடிக்கணும்னா நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. இந்த டிரஸ்ல வராதீங்க."

அவர் போன பிறகு வேலாயுதம் சார் என்னிடம் சொன்னார்: "ரைட்டர், இந்த விஷயம் இனிமே உனக்கும் எனக்கும் மட்டும்தான்."

3. பால் ஊற்றாத பால்காரன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேட்டி சட்டையில் போனோம். டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர். டேனியல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். எதிர்வீட்டு கோகிலா என்ற அம்மாள் ஆரம்பித்தார்.

"வாரா வாரம் வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு பால்காரன் சைக்கிள்ல வரான் சார். பெரிய கேன். இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் அவன் பால் ஊத்தினதே இல்ல. நேரா பெட்டிக்கடைக்குப் பின்னால இருக்கற அந்தப் பாதி கட்டின வீட்டுக்குள்ள போறான், கேனைத் தூக்க முடியாம தூக்கிக்கிட்டு. வரும்போது ஒத்தக் கையில ஆட்டிக்கிட்டு வரான்."

நாங்கள் மூன்று முறை சோதனை போட்ட தெரு. அந்த அரைகுறைக் கட்டடத்துக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த அம்மாள் சமையலறை ஜன்னலில் நின்றபடியே மொத்தத்தையும் பார்த்துவைத்திருந்தார்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் எத்திராஜும் அங்கே இருந்தார். பழைய ஊர்க்காரர். அந்தக் காலனி நிலம் முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பம் பயிர் வைத்த இடம். அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தவர் சொன்னார்:

"எனக்குத் தெரியும் சார். பயந்துகினு சும்மா இருந்துட்டேன். என் மனையில இன்னா நடக்குதுன்னு ஊரே சிரிக்குது. என் பொண்ணைப் பாக்க வந்த மாப்ளகூட இந்தத் தெருவைப் பாத்துட்டுத் திரும்பிப் பூட்டான். நீங்க சாட்சி கேட்டா நான் வரேன். கோர்ட்டுக்கும் வரேன்."

"இன்னொருத்தர் வேணுமே" என்றேன்.

"நான் இருக்கேன்" என்றார் ரூத் டீச்சர்.

4. வியாழக்கிழமை ஜெபம்

விசில்காரர்களைத் தாண்டி எப்படி உள்ளே போவது என்பதற்கு டீச்சரே வழி சொன்னார். வியாழக்கிழமைகளில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வேலாயுதம் சார் திருநீற்றை அழித்துவிட்டு வந்தார். நானும் மூன்று கான்ஸ்டபிள்களும் ஆளுக்கொரு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனையைக் கடந்தோம். கான்ஸ்டபிள்களுக்குக் கடைசி நிமிஷம் வரை எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. விசில்காரன் எங்களைப் பார்த்து, ஜெபத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து பீடியை மறைத்துக்கொண்டான்.

பாயில் உட்கார்ந்தோம். போதகர் கண்ணை மூடி, "இன்று புதிதாக வந்திருக்கும் சகோதரர்கள் வந்த காரியம் வாய்க்கும்படி" என்று ஜெபித்தார். வேலாயுதம் சார்தான் முதலில் ஆமென் சொன்னார்.

ஐந்து மணி தாண்டி, ஜன்னலருகே உட்கார்ந்திருந்த கோகிலா தலையை ஆட்டினார். எழுந்து ஓடினோம். பால்காரன் கட்டடத்துக்குள் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். செங்கல் அடுக்குக்குப் பின்னால் இரண்டு சாக்கு கஞ்சா. பாஸ்கர் அங்கேயே உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். அவனருகில், பொட்டலத்தைக் கையில் வாங்கிய நிலையில் மூன்று பேர். அவர்களைச் சுவர் பக்கம் திருப்பி நிற்க வைத்தோம்.

மளிகைக் கடையிலிருந்து தராசு வந்தது. எடை போட்டு, மாதிரி எடுத்து, அரக்கு சீல் வைத்து, நான் மகஜர் எழுத உட்கார்ந்தேன். எத்திராஜும் ரூத் டீச்சரும் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். பெயர் கேட்பதற்காக அந்த மூன்று பேரையும் இந்தப் பக்கம் திருப்பினோம்.

நடுவில் நின்றவன் டீச்சரின் தம்பி டேனியல்.

டீச்சர் அவனுக்கு எதிரே வந்து நின்றார். "நீ ஷிஃப்டுக்குப் போறேன்னுதானேடா சொன்ன" என்றார். அவன் தரையைப் பார்த்தான்.

வேலாயுதம் சார் என்னிடம் குனிந்து, "ரைட்டர், வாங்க வந்தவங்க ரெண்டு பேர்னு எழுதிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். மனிதர் இரக்கப்பட்டுத்தான் கேட்டார். நானும் பேனாவைத் தூக்கிவிட்டேன். எனக்கு அது பழகிய வேலைதான்.

டீச்சர் காதில் அது விழுந்துவிட்டது.

"எழுதுங்க சார். மூணு பேரும் இருந்தாங்க. ஒரு பேரை நீங்க விட்டீங்கன்னா மிச்சத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்கா" என்றான் டேனியல்.

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. நான் எழுதினேன். டீச்சர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது.

5. கூண்டில்

டேனியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். தொழிற்சாலை அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அவன் அக்கா வீட்டுக்குப் போகாமல் பல்லாவரத்தில் ஒரு நண்பனோடு தங்கினான். டீச்சர் வீட்டின் மேல் இரண்டு முறை கல் விழுந்தது. எத்திராஜும் காலனி ஆண்களும் முறைபோட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆள் ஒருவர் தினமும் ஒரு நடை போய்வந்தார். ஸ்டேஷனிலிருந்து பாஸ்கருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தவனை வேலாயுதம் சார் கண்டுபிடித்து வெளியூருக்கு மாற்ற வைத்தார்.

விசாரணை நாளன்று நானே போய் இரண்டு சாட்சிகளையும் ரயிலில் கூட்டிப் போனேன். எத்திராஜிடம் வக்கீல் தெருவைப் பற்றிக் கேட்டதும், "நான் ஏர் ஓட்டின எடம் சார் அது, கண்ணைக் கட்டினாலும் சொல்வேன்" என்றார். அவரை அதற்குமேல் அசைக்க முடியவில்லை.

டீச்சரிடம் வக்கீல் வேறு வழியில் வந்தார்.

"உங்க தம்பியைக் கெடுத்துட்டான்னு என் கட்சிக்காரர் மேல உங்களுக்கு ஆத்திரம். அதுக்குப் பழி வாங்கத்தான் இந்தச் சாட்சி. சரிதானே?"

நான் பயந்துபோனேன். டீச்சர் வகுப்பில் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"என் தம்பி அங்க போறான்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பழி வாங்கறதா இருந்தா தம்பி பேரை மறைச்சிட்டு இவர் பேரை மட்டும் சொல்லியிருப்பேன். நான் பார்த்தது ரெண்டு பேரையும். ரெண்டு பேரையும்தான் சொல்றேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பாஸ்கருக்கும் பால்காரனுக்கும் ஜெயில் தண்டனை கிடைத்தது. எத்திராஜ் தன் மனையில் இருந்த பெட்டிக்கடையைப் பிரித்துவிட்டு, கட்டடத்துக்குக் கதவு ஜன்னல் வைத்து முடித்தார்.

6. போலீஸ் எழுதிய மனு

தீர்ப்பு வந்த மாதம் டேனியல் ஸ்டேஷனுக்கு வந்தான். மெலிந்திருந்தான். "அதைத் தொடறதில்ல சார், நாலு மாசமாச்சு. வேலை மட்டும் திரும்பக் கிடைச்சாப் போதும். அக்காகிட்ட கேக்க முகமில்ல" என்றான்.

அவனை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி தொழிற்சாலைக்கு ஒரு மனு எழுதினேன். குற்றம் ஒப்புக்கொண்டவனுக்கு போலீஸ் மனு எழுதுவது வழக்கமில்லை. வேலாயுதம் சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காலனியில் வீடு வீடாகப் போனேன். கோகிலா, எத்திராஜ், போதகர் எல்லோரும் போட்டார்கள். டீச்சரிடம் நீட்டியபோது முழுவதையும் இரண்டு முறை படித்தார். "நாலு மாசம்னு எழுதியிருக்கீங்க. உண்மையா?" என்று கேட்டார். விசாரித்துவிட்டேன் என்றேன். போட்டார். "அவனைச் சாப்பிட வரச்சொல்லுங்க" என்றார்.

போனான். அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள் என்று கோகிலா பிறகு சொன்னார். அடுத்த வாரமும் போயிருக்கிறான். பேச்சு வர ஒரு வருஷம் ஆயிற்று. வேலை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஜனங்கள் சாட்சிக்கு வரமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், அவர்கள் சொல்வது நம் ஸ்டேஷனை விட்டு வெளியே போகாது என்று நாம் உறுதி செய்ய வேண்டும். கேஸ் முடிந்ததும் நாம் அடுத்த கேஸுக்குப் போய்விடுவோம், மாற்றலாகி வேறு ஊருக்கும் போய்விடுவோம். சாட்சி சொன்னவர் அதே தெருவில்தான் நாளைக்கும் காய்கறி வாங்கப் போக வேண்டும். அவர் அங்கே தலை நிமிர்ந்து நடக்கிறாரா என்று போய்ப் பார்த்து வருவதும் டூட்டிதான். அதை எந்த ரிஜிஸ்டரிலும் எழுத இடமில்லை. எழுதாவிட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.