ஒப்பாரி மெட்டில் ஒரு சங்கீதம்

எங்கள் அம்மாவிடம் ஒன்றைச் செய்யக் கூடாது என்று சொன்னால் அது அன்றைக்கே நடந்துவிடும். போடியில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். அம்மாவிடம் பேசுகிறவர்கள் ‘கூடாது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆனால் அப்பா செத்த மறுநாள் காலையில், இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அந்தச் சொல்லையே அவள் முன்னால் போட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்பு. அப்பாவுக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. வாரம் முழுக்க மேலே இருந்துவிட்டு ஜீப்பில் இறங்குவார். அம்மாவுக்குக் கீழே, போடியில், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. ஒரு மார்கழி மாதம் போடிமெட்டு இறக்கத்தில் ஜீப்பு உருண்டது. அப்பாவை வேறொரு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அப்பாவும் அம்மாவும் பக்கத்து ஊரான சிலமலைக்காரர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்கள். அதிலிருந்து அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காப்பி மட்டும் குடிப்பார்.

வேதத்தில் சேருவதற்கு முன்பு அம்மா பேர்போன ஒப்பாரிக்காரி. ஊரில் ஒரு சாவு என்றால் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். அவள் இழுக்கிற இழுப்பில் பகையோடு வந்த பங்காளியும் அழுதுவிட்டுத்தான் போவானாம். சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் அதை நிறுத்தினார். விசுவாசிகளுக்கு உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உண்டு, அதனால் சாவு வீட்டில் கீர்த்தனை பாடலாம், ஒப்பாரி கூடாது என்றார். அம்மா கேட்டு நடந்த ஒரே ‘கூடாது’ அதுதான். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்பதும் ஒரு காரணம்.

அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அம்மா கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். விடியும்போதே சிலமலையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்ல குளிர். அப்பா மலைக்குப் போட்டுப்போகிற கம்பளிச் சட்டை கொடியில் கிடந்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் அதில் கை வைத்தார்கள். சண்டை எதற்கு என்று சித்தப்பா ஏலக்காய்க் கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பொத்திக்கொண்டு, ஒற்றையா இரட்டையா என்றார். ஒற்றை என்று சொல்லிப் பெரியப்பா ஜெயித்தார். சாவு வீட்டிலா இப்படி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சாவில் அப்படித்தான் நடந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: “ஏ மதினி, ஊரான் சாவுக்கெல்லாம் தொண்டை கிழிய அழுதியே. எங்கண்ணனுக்கு ஒரு வாய் அழுக வரலையா ஒனக்கு?”

பெரியப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அழுக ஆளில்லாத வீட்ல என் தம்பியப் போட்டுவைக்கக் கூடாது. சிலமலைக்குக் கொண்டுபோயி நம்ம முறைப்படி எரிச்சுக்கிர்றோம். உங்க சாமிய அம்புட்டு நம்புனானே, ஜீப்பு உருளையில அது எங்க போச்சு? இப்ப வந்து காப்பாத்தச் சொல்லு பாப்போம்.”

தன்னை எரிக்கக் கூடாது என்பார் அப்பா. அதைப் பலமுறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கடைசி நாளில் எழுந்திரிக்கும்போது உடம்பு வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் சிலுவை போட்டுப் புதைத்துவிடு என்பார். அம்மா அதற்குச் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற உபதேசியார் அம்மாவை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே போனேன். “ஒப்பாரின்னு ஒரு சத்தம் வந்தாலும் நான் அடக்க ஜெபம் பண்ண மாட்டேம்மா. கல்லறையில எடமும் கேக்கக் கூடாது” என்றார். நல்ல மனிதர்தான். சட்டம் என்று வந்தால் பிடிவாதக்காரர்.

அழுதால் கல்லறை இல்லை. அழாவிட்டால் சிலமலைச் சுடுகாடு. எப்படிப் போனாலும் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

 அம்மா அலமாரியிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பிரித்தாள். உபதேசியார் முகம் தெளிந்தது. ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டாள். மாரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடித்துவிட்டு, எபிரேயர்களின் ராஜா தாவீது பாடிய சங்கீதம் ஒன்றை ஒப்பாரி மெட்டில் எடுத்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் வாசிக்கிற சங்கீதம் அது. ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கடவுளிடமே கேட்கிற கேள்வியில் தொடங்கும். மேசியா பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முந்தியது, ஆனாலும் அவர் சிலுவையில் பட்டதெல்லாம் இதில் இருக்கிறது, இதுதான் தீர்க்கதரிசனம் என்று உபதேசியார் மேசையைத் தட்டிச் சொல்வார். அவருக்கு அது வழக்கில் ஜெயிக்கிற சாட்சி. அம்மாவுக்கு அது என்ன என்று அன்றைக்குத்தான் ஊர் கேட்டது.

கூப்பிட்டும் பதில் வராத பகலைப் பாடினாள். எலும்பெல்லாம் கழன்றுபோன உடம்பைப் பாடினாள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘ஐயா’ என்று அவளாகச் சேர்த்து இழுத்தாள். சிலமலைப் பெண்கள் எழுந்து வந்து தோளோடு தோள் கோத்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

கடவுளை நம்பினானே, அவரே வந்து காப்பாற்றட்டும் என்று சுற்றி நின்று கேலி பேசுகிறவர்கள் அந்தச் சங்கீதத்தில் வருவார்கள். அந்த இடத்தில் அம்மா தலையை நிமிர்த்திப் பெரியப்பாவைப் பார்த்துப் பாடினாள். கொஞ்சம் தள்ளி, உடுப்பைப் பங்குபோட்டு அதற்குச் சீட்டும் போடுகிறவர்கள் வருவார்கள். அதையும் அவரைப் பார்த்தே பாடினாள். பெரியப்பா பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை மடித்து அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, வெறும் உடம்போடு அந்தக் குளிரில் நின்றார்.  தாவீது ராஜாவுக்கு எங்கள் பெரியப்பாவைக்கூடத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

உபதேசியார் அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். “நிறுத்தும்மா! அது கர்த்தரப் பத்துன தீர்க்கதரிசனம். அத இப்பிடி இழுக்கக் கூடாது.”

அம்மா மாரில் வைத்த கையை எடுக்கவில்லை. “அவரப் பத்துனதுதான் ஐயா. இல்லைன்னு யாரு சொன்னா? சிலுவையில தொங்கையில அவரே இதச் சொல்லித்தான அழுதாரு? நீங்கதான சொன்னீக. அவரு அழுகலாம், நான் அழுகக் கூடாதா? எனக்கு முன்னாடி அவரு இந்த வழியா அழுதுக்கிட்டுப் போயிருக்காருன்னுதான் எனக்கு இப்பத் தெம்பு. அதையும் புடுங்கிறாதீக.”

 வேதத்தை வாசிக்காதே என்று உபதேசியார் எப்படிச் சொல்வார்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை என்று பெரியப்பாவாலும் சொல்ல முடியாது. வீடே அழுதுகொண்டிருந்தது.

அந்தச் சங்கீதம் கடைசியில் திரும்பும். கடவுள் கேட்டுவிட்டார், சபை நடுவே அவரைத் துதிப்பேன் என்று போகும். அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் அம்மா சட்டென்று நிறுத்திப் புத்தகத்தை மூடினாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குப் பதறியது. ஞாயிறு பள்ளியில் முழுச் சங்கீதத்தையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிச்சத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். “இரு ஆத்தா. அங்கிட்டு நான் இன்னும் போகல” என்றாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். அப்பாவுக்காக அல்ல, எல்லார் முன்னாலும் வாயைப் பொத்திவிட்டாளே என்று.

சாயங்காலம் அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பாடையின் முன்பக்கம் பெரியப்பாதான் தோள் கொடுத்தார். உபதேசியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார்.

அடுத்த மழைக்காலம் கழிந்து கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கல்லில் துணி துவைத்துக்கொண்டே திடீரென்று பாட ஆரம்பித்தாள். ஒப்பாரி மெட்டு அல்ல, களை எடுக்கிற பெண்கள் பாடுகிற துள்ளல் மெட்டு. துவைத்துக்கொண்டிருந்த மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாலி இறங்கி வருஷம்கூடத் திரும்பாதவள் இப்படிப் பாடலாமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அம்மா, எல்லாரும் பாக்குறாக.”

“பாக்கட்டும்.”

கடவுள் கேட்டுவிட்டார், சபை நடுவே அவரைத் துதிப்பேன் என்று இன்னும் சத்தமாகப் பாடினாள். வரிகள் எனக்கு நன்றாகத் தெரியும். பாதியிலிருந்து ஆரம்பித்தால் ஞாயிறு பள்ளியில் மதிப்பெண் கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை.

“மொதல்ல இருந்து பாடும்மா” என்றேன்.

“மொதல்ல இருக்கதெல்லாம் பாடியாச்சு” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

காலையிலிருந்து அவள்கூடவேதான் இருக்கிறேன், எப்போது பாடினாள் என்று எனக்கு விளங்கவில்லை.