கொஸ்லந்த கோப்பிக் கடையில் ஒரு டம்ளர்

கொஸ்லந்த ஏற்றத்தில் ஒரு கோப்பிக் கடையில் மாட்டுவண்டியை நிறுத்துகிறோம். தோட்டத்து வேதக்கோயிலில் திருவிருந்து முடிந்து சனம் வருகிறது. கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சாக்கடைக் கான்களைக் கழுவும் மரியாள், போன ஞாயிறுதான் ஞானஸ்நானம் பெற்றுப் புதுப் பெயர் வாங்கியவள், வாசலில் நின்று கோப்பி கேட்கிறாள். எனக்குப் பித்தளை டம்ளரில் கொடுத்த கடைக்காரர் அவளுக்கு வழக்கம்போலச் சிரட்டையை நீட்டுகிறார். அவள் கை நீட்டவில்லை.

"டம்ளர்ல ஊத்துங்க. வேதக்கோயில்ல நான் குடிச்ச பாத்திரத்துலதான் எனக்கப்புறம் பெரிய கங்காணி குடிச்சாரு."

கோயிலிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய கங்காணியிடம், "நெசமாங்களா?" என்று கேட்கிறேன்.

"ஆமாங்க. ஆண்டவர் எங்க எல்லாரோடயும் ஒரே பாத்திரத்துலதான் உடன்படிக்கை பண்ணியிருக்காரு" என்கிறவர், கடைக்காரரிடம் திரும்புகிறார். "டம்ளர் குடுப்பா."

கடைக்காரர் டம்ளரை எடுக்கிறார்.

"நல்லா கழுவிக் குடுங்க" என்கிறாள் மரியாள்.