துபாய் மாமாவின் சேனை

புதிதாக வேலைக்கு வரும் கிராம சுகாதார நர்ஸ் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பிரசவ லீவு முடிந்து நான் திரும்பிய முதல் நாள் நடந்தது.

அனுமந்தன்பட்டிப் பக்கம் செல்வி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்து ஐந்து நாள். எடை மிஷினோடு உள்ளே போனால் வீடே ஒரு செல்போனைச் சுற்றி நிற்கிறது. திரையில் துபாயில் இன்ஜினியராக இருக்கும் செல்வியின் அண்ணன், விரலை கேமராவுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

சேனை வைக்கிறார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தால், அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். செல்வியின் மாமனார் டம்ளரில் விரலை முக்கி, திரையில் தெரிந்த விரலில் ஒற்றி எடுத்துப் பிள்ளையிடம் திரும்பினார்.

"ஐயா, நிறுத்துங்க! ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான்."

"தண்ணி காய்ச்சுனதுதேன் தாயி."

"போனையும் காய்ச்சுனீகளா?"

"மாமா, வெரசா வைங்க, டியூட்டிக்கு நேரமாச்சு" என்றது போன்.

பெரியவர் விரலை மடக்கவில்லை. "உம் மகளுக்கு யாரு சேனை வச்சாக? அதச் சொல்லு மொத."

வைத்தவர் என் மாமனார், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நான் தூங்குவதுபோல் நடித்தேன். தடுத்தால் மருமகளுக்குத் திமிர் என்பார்கள். 'யாரும் வைக்கவில்லை' என்று இப்போது சொன்னால், யூனிஃபார்முக்காகவாவது நம்புவார்கள். ஆனால் பெரியவரின் விரலிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க மாமா வச்சாக. நான் பாத்துக்கிட்டே கெடந்தேன். மூணாம் நாள் பிள்ளைக்கு வயித்தால போயி, டிரிப்ஸ் ஏத்துனாக. சேனையாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியல, ஐயா."

அவர் விரலை வேட்டியில் துடைத்தார். "அப்ப யாரு கொணம்தேன் பிள்ளைக்கு வரும்?"

"பால் குடுக்குறவுக கொணம்." இதற்கும் ஆதாரம் கிடையாது. வாயில் வந்துவிட்டது.

"இவ கொணமா? ஆத்தாடி!"

கட்டிலிலிருந்து செல்வி கேட்டாள்: "ஏன், எங்கொணத்துக்கு என்ன கொறச்சல்? பிள்ளைய இங்கன குடுங்க."

"குடுத்துருங்க மாமா" என்றது போன். "அவகிட்ட நான் பட்டது போதும்."

ரிஜிஸ்டரில் செல்வி பெயருக்கு நேரே 'தாய்ப்பால் மட்டும்: ஆம்' என்று எழுதினேன். சில பக்கம் முன்னால் என் பெயருக்கும் 'ஆம்' இருந்தது. லீவில் இருந்தபோது, எனக்குப் பதிலாக வந்த நர்ஸ் போனில் கேட்டதற்கு நான் சொன்ன பொய். அதை அடித்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் வீட்டுக் கதையை மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புத்தி சொல்லப் போகாதீர்கள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. சேனையால் குணம் வராது என்று வீடு வீடாகச் சொல்கிறேன். வாசலில் நின்று தெருவுக்கே கேட்க அவள் 'போலாம் ரைட்!' என்று கத்தும்போது மட்டும், மாமனார் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிக்கிறார்.