மூட முடியாத குழி

என் மனைவி சரோஜா போன வருடம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புத்தளத்து ஆசுபத்திரியில் கண்ணை மூடினாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகியிருந்தது. சாவு எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தது; அதில் எனக்குக் குறை இல்லை. பின்னேரம் பெட்டியோடு ஊருக்கு வந்தபோது, ஊர் மயானத்தில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். அதற்கும் நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. இடமில்லை என்கிற அந்தத் தீர்மானத்தை எழுதியவனே நான்தான்.

நம்முடைய சபையில் இதை நான் இத்தனை நாளும் சொன்னதில்லை. சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் குடித்தேன், சூதாடினேன், மனைவியை அடித்தேன் என்று தொடங்குவார்கள். எனக்கு அந்தத் திறமைகள் ஒன்றும் இல்லை. நான் கூட்டக் குறிப்பு எழுதினேன்.

ஆலங்குடாவுக்கு அப்பால் கடலைப் பார்த்தபடி இருக்கிற சின்ன மீனவ ஊர் எங்களுடையது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஆகவே சண்டைக்கு வெளியாள் தேவைப்படுவதில்லை. ஊரில் புத்தகம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். தலைவர் என் பெரியண்ணன். எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன், கிணறு வெட்டுகிற யோகராசாவின் குடும்பம் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கியது. ஊரில் முதலாவதாகப் போனவர்கள் அவர்கள்தான். அந்த வருடமே யோகராசாவின் பத்தொன்பது வயது மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். அன்றைக்குச் சங்கம் அவசரமாகக் கூடியது.

“கோயில் திருவிழாவிலும் ஊர் வழமைகளிலும் பங்குகொள்ளாதோர், ஊர் மயானத்தில் பங்கு கோரும் உரிமையற்றோர்.” இதுதான் நான் எழுதிய வசனம். வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். அதைத் தகரப் பலகையில் எழுதி மயான வாசலில் அறைந்தார்கள். யோகராசா ஒரு சின்ன லொறி பிடித்து, மகளைச் சிலாபம் பக்கம் கொண்டுபோனார். அங்கே ஏதோவொரு சபை இடம் கொடுத்தது. லொறி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, ‘உரிமையற்றோர்’ நன்றாக இருக்குமா, ‘உரித்தற்றோர்’ நன்றாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதைக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

பிறகு சரோஜாவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. யோகராசாவின் மனைவி அவளைப் பார்க்க வந்துபோனாள். ஊரில் வேறு யாரும் அவ்வளவு தூரம் வந்து கால் பிடித்துவிடவில்லை. சரோஜா ஜெபக்கூட்டத்துக்குப் போகவேண்டும் என்றாள். நான் ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போய், வெளியில் மரத்தடியில் கதிரை போட்டு, புத்தகம் விரித்து உட்கார்ந்திருப்பேன். கலியாண வீடுகளில் பாஸ்டரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பு வாங்கியவன் நான். உள்ளே போகிற உத்தேசமே எனக்கு இல்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். மழை விட்டது, நான் வெளியே வரவில்லை. அதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்தே ஞானஸ்நானம் எடுத்தோம்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தகரக் கூரையிலும் கல் விழுந்தது. எறிகிறவன் அண்ணனின் மகன். குறி தப்பாது. மாங்காய் எறிய அவனுக்குப் பழக்கியவன் நான்தான். கடையில் சாமான் முடிந்துபோயிற்று என்பார்கள், சாமான் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பாஸ்டரின் மோட்டார் சைக்கிளைக் கடலில் தள்ளினார்கள். இதெல்லாம் பொறுக்கக்கூடியதுதான். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது: எங்கள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து ஜெபிக்கிற பத்துப் பன்னிரண்டு பேரில் யோகராசாவும் ஒருவர். அவர் கண்ணை மூடி ஜெபிப்பார். நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்ப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பெட்டியை விறாந்தையில் வைத்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். செத்த வீட்டுக்கு வருகிற முகத்தோடுதான் வந்தார். பெட்டிக்கு அருகில் நின்றார். பிறகு என்னை வாசல் படலையடிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச மயானத்தில வெக்கேலாது.”

“அண்ணை, எங்கட பிள்ளை அங்க கிடக்குது.”

அது உண்மை. எங்கள் முதல் பிள்ளை, ஒரேயொரு பிள்ளை, பிறந்து மூன்று நாள் இருந்தது. அந்த மயானத்தில் கிழக்கு மூலையில் புதைத்தோம். சரோஜா கடைசியாகக் கேட்டது அது ஒன்றைத்தான். “என்னைப் பிள்ளைக்குப் பக்கத்தில போடுங்கோ.” இரண்டு வருட வேதனையில் அவள் என்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை.

“அவள் வேணாமெண்டு விட்டுட்டுப் போனவள்தானே,” என்றார் அண்ணன். “சட்டம் நீ எழுதினதுதானேடா. நானும் வாசிச்சுப் பாத்திட்டன். நல்லா எழுதியிருக்கிறாய். ஒரு ஓட்டையுமில்ல.”

என் எழுத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

புதன்கிழமை காலையில் அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தேன். மயானம் அரசாங்கக் காணி. யாரும் யாரையும் தடுக்க முடியாது. முதல் கந்தோரில் இதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, ஊரோட கதைச்சுச் சமாதானமாக முடியுங்கோ என்று அனுப்பினார்கள். இரண்டாவது கந்தோரில் அதையே சிங்களத்தில் சொன்னார்கள். பாஸ்டர் போனில் அழுதார். சிலாபத்தில் இடம் இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்றார். யோகராசாவின் மகள் கிடக்கிற அதே இடம்.

வீட்டுக்கு வந்து பெட்டியருகில் உட்கார்ந்தேன். வெயிலுக்குப் பூ வாடிவிட்டிருந்தது. ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணனின் வள்ளம் கவிழவேண்டும் என்று கேட்டேன். அவர் வீட்டில் ஒரு சாவு விழவேண்டும், அப்போது தெரியும் என்று கேட்டேன். பிறகு வார்த்தை வரவில்லை. “ஆண்டவரே, அவளைப் பிள்ளைக்குப் பக்கத்தில போட விடும்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஊரிலேயே நன்றாக எழுதுகிறவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம்தான்.

மத்தியானம், கடலுக்குப் போய்வந்தவர்கள் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம், யோகராசா மண்வெட்டியோடு வந்தார்.

“பிள்ளை எந்தப் பக்கம் கிடக்கு?”

“கிழக்கு மூலையில. பூவரசுக்குக் கிட்ட.” அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “யோகராசா, அந்தப் பலகையில இருக்கிற வசனம்… அது நான் எழுதினது.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“இந்த ஊரில வேற ஆருக்கு அப்பிடி எழுத வரும்?” மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். “லொறியில பிள்ளையோட போகேக்க உன்ட வீட்டைப் பாத்துச் சாபம் போட்டனான். இந்த வீட்டில சாகிற ஆளுக்கும் மண் கிடைக்காமப் போகட்டுமெண்டு. பிறகு இரட்சிக்கப்பட்டதுகள் சாபம் போடக்கூடாதெண்டு பாஸ்டர் சொன்னார். அண்டையிலயிருந்து ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பி எடும், திருப்பி எடும் எண்டு கேக்கிறன். நேற்று உங்கட அண்ணன் சொன்னதைக் கேள்விப்பட்டு, என்ட சாபம் பலிச்சிட்டுதெண்டு பயந்துபோனன். சரோஜாக்கா பாவமெல்லே. வாளியை எடு. மணல் நனைக்கத் தண்ணி வேணும்.”

வாளியை எடுத்தேன்.

எங்கள் மயான மண் வெறும் கடல் மணல். வெட்ட வெட்டச் சரியும். கிணறு வெட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் அள்ளி ஊற்றிய தண்ணீரில் மணலை இறுக்கி, தென்னம் பலகைகளைப் பக்கத்துக்கு முட்டுக்கொடுத்து, நெஞ்சளவுக்கு இறங்கிவிட்டார். அப்போதுதான் யாரோ கண்டு சொல்லி, அண்ணனும் பத்துப் பதினைந்து பேரும் வந்தார்கள்.

“ஆரடா உனக்கு வெட்டச் சொன்னது? ஏறுடா மேல!”

யோகராசா ஏறவில்லை. குழிக்குள் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“ஏறுறன் அண்ணை. நீங்கள் மூடிப்போட்டுப் போங்கோ.”

ஒருவரும் அசையவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. பெட்டி வீட்டைவிட்டு இறங்கிய பிறகுதான் எங்களூரில் மண்வெட்டி போடுவார்கள். காரணம், வெட்டிய குழியை வெறுமையாக மூடக் கூடாது. மூடினால் அந்தக் குழி, மூடினவன் வீட்டில் ஒரு ஆளைக் கேட்கும் என்று நம்புகிறார்கள். திறந்தபடி விட்டால் ஊரில் கேட்கும். அண்ணனின் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?” என்றார் யோகராசா. “எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இப்ப இல்ல. உங்களுக்குத்தானே இருக்கு.”

பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. “அண்ணை, வீட்டில பிள்ளைத்தாச்சி. யோசியுங்கோ.”

அண்ணனின் முகத்தில் இரத்தம் வற்றியதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சில மணித்தியாலத்துக்கு முன் அவர் வீட்டில் சாவு கேட்டு ஜெபித்தவன் நான். அந்தச் சந்தோஷத்துக்கும் நான் பிறகு மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது.

“கொண்டாங்கோ பெட்டியை,” என்றார் கடைசியில். “குருசு நடக்கூடாது. பாட்டு, ஜெபம், ஒரு சத்தமும் கேக்கக்கூடாது.”

அப்படித்தான் அடக்கம் செய்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றோம். பாட்டில்லை, குருசில்லை, ஆமென் கூட இல்லை. வேலிக்கு அப்பால் அவர்கள் காவல் நின்றார்கள். கடல் மட்டும் அதன் பாட்டுக்குச் சத்தம் போட்டது. என் மனைவி எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இறங்கினாள்.

நான் கேட்டது கிடைத்தது. ஆனால் வானத்திலிருந்து இறங்கவில்லை. எதிரிகளின் மனம் இளகவில்லை. அவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான். கர்த்தர் அவர்களின் மூடநம்பிக்கையைக் கூட வீணாக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அந்தப் பதில் என் ஜெபத்துக்கு வந்தது என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ வருடமாக ஒரு தகப்பன் தன் சாபத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தானே, அவனுக்கு வந்தது. நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன்.

பலகை இன்னும் வாசலில் இருக்கிறது. கல் இன்னும் விழுகிறது. அண்ணனுக்குப் பேத்தி பிறந்தது, எனக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் சங்கக் கூட்டத்துக்குப் போய், நான் எழுதிய தீர்மானத்தை நீக்கவேண்டும் என்று எழும்பிச் சொல்கிறேன். “இருடா, அல்லேலூயா” என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கலியாண வீடுகளில் பழக்கியவனும் நான்தான். போன மாதம் யோகராசாவோடு பஸ் ஏறிச் சிலாபத்துக்குப் போய், அவருடைய மகளின் குழிமேட்டில் புல் பிடுங்கினேன். வரும்போது அவர் எனக்கு ஒரு வடை வாங்கித் தந்தார்.

அருமையானவர்களே, நெருக்கப்படுகிறவர்களே, அவரை நம்புங்கள். அவர் கேட்கிறார். ஆனால் உதவியை யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. நீங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிற மனிதன் மண்வெட்டியோடு படலையில் நின்றால், உள்ளே கூப்பிடுங்கள். செய்ததை முதலில் சொல்லிவிடுங்கள். அவருக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். என்றாலும் சொல்லுங்கள்.