இருபத்தேழில் ஒரு மடிக்கணினி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கியைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நாற்பத்தொரு மாணவர்கள், ஒன்பது ஆசிரியர்கள், ஓர் அறையில் பன்னிரண்டு கணினிகள். இணையம் மட்டும் வரும், போகும். மழை பிடித்துக்கொண்டால் வரவே வராது. ஆசிரியை சாந்தினிக்குப் பாடத்துக்கு ஒரு காணொளி வேண்டுமென்றால், காரை எடுத்துக்கொண்டு பெரிய சாலைவரை போய், ஓரமாக நிறுத்தி, கைப்பேசியில் இறக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அப்படி ஒருநாள் அவர் காத்திருந்தபோதுதான், பள்ளியின் கண்காணிப்புக் கேமராவைப் பழுதுபார்க்க, ஜொகூர் பாரு பக்கத்துத் தம்போயிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்த சுகுமாறன், கார்தான் கெட்டுவிட்டதோ என்று நிறுத்தினார்.

கார் கெடவில்லை. ஐந்து நிமிடக் காணொளி ஒன்றுக்காக டீச்சர் இருபது நிமிடமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

சுகுமாறனுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய், ஒரு தரவு மையத்தில் வேலை பார்த்தவர். வரிசை வரிசையாக நின்ற சர்வர்களில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டுவதுதான் வேலை. முதுகு தகராறு செய்ய ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு, கேமரா பொருத்தும் தொழிலுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பாடமெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். இணையம் பிள்ளைகளைத் தேடி வராவிட்டால் போகட்டும், பாடங்களை ஒரு பெட்டியில் ஏற்றிப் பள்ளியிலேயே வைத்துவிடலாம். பன்னிரண்டு கணினிகளும் அந்தப் பெட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அவர் வந்து புதுப் பாடங்களை ஏற்றிவிட்டுப் போவார்.

ஒரு வாரத்தில் நான்கு பக்கத் திட்டம் எழுதினார். முதல் வரி இதுதான்: "புதிதாக எதையும் வாங்குவதில்லை." வீடுகளில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளைச் சனங்களிடம் கேட்டு வாங்கி, அவற்றிலிருந்து நல்ல உறுப்புகளை எடுத்தே பெட்டியைக் கட்டுவது. இந்தப் பள்ளியில் சரிப்பட்டால் அடுத்த ஆண்டு ஆற்றோரத்தில் இன்னும் இரண்டு பள்ளிகள். அந்த முதல் வரியை அவர் எல்லாரிடமும் சொன்னார். உள்ளூர் நிருபர் ஒருவர் வந்தபோது, கடையில் வாங்கிய பொருள் ஒன்றுகூட இதில் இருக்காது என்று படத்துக்கு நின்றபடியே சொன்னார். அது செய்தியின் தலைப்பாகவும் வந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உலகப்பன், ஜொகூர் பாருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கொடுத்தவர் பெயர் பொருளில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"நம்ம ஆளுங்க கோயிலுக்கு ஒரு டியூப் லைட் குடுத்தாலே பாதி வெளிச்சத்தப் பேரு மறைச்சிடும் தம்பி," என்றார். "நீங்க பெட்டி மேல ஒரு தகடு அடிங்க. எந்தச் சாமான் யாரு உபயம்னு அதுல வரட்டும். பாருங்க, அடுத்த பள்ளிக்குக் கேக்காமலே குடுப்பாங்க."

சுகுமாறன் சிரித்தாலும் ஒத்துக்கொண்டார். தரவு மையத்திலும் அப்படித்தான். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண், பதிவேட்டில் ஒரு வரி. அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது.

தம்போய் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினிகளைப் பெற்றுக்கொண்டார்கள். கூட்டம் நினைத்ததைவிடப் பெரிது. மொத்தம் இருபத்தேழு. சுகுமாறன் பேர் எழுதி, எண் ஒட்டி, அடுத்தவரை அழைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவதாக வந்தவர் சந்திரமதி. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய காளியப்பனின் மனைவி. காளியப்பன் சென்ற ஆண்டு தவறிவிட்டார். மடிக்கணினியைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, சந்திரமதி மேசையின் இந்தப் பக்கமாகக் குனிந்தார்.

"தம்பி, இதுல அவரு சமையல் வீடியோலாம் இருக்கு. பதினாலு. யூடியூப்ல போடறேன் போடறேன்னு சொல்லிட்டே இருந்தாரு, எங்க வீட்ல லைன் ஸ்லோ லா. அத எனக்கு எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் அழிச்சிக்குங்க."

"சரிக்கா, எடுத்துத் தரேன்," என்றார் சுகுமாறன். பேர் எழுதினார், எண் ஒட்டினார். சந்திரமதி சொன்னதை எழுதவில்லை. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை இருபத்தேழையும் மேசைகளில் வரிசையாக வைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அழித்தார். ஞாயிறு மத்தியானம் சந்திரமதியிடமிருந்து செய்தி வந்தது. அவசரமில்லை, முடிந்தபோது எடுத்து வைத்தால் போதும் என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்தபோது சுகுமாறன் சோற்றில் கை வைத்திருந்தார். அப்புறம் சாப்பிடவில்லை.

இதிலே ஒன்றை விளக்க வேண்டும். அவர் செய்தது அவசர அழிப்பு. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப் போடுவது போன்றது அது. பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும். அவற்றின் மேல் வேறு எதையாவது எழுதாதவரை, தெரிந்தவன் தோண்டினால் எடுத்துவிடலாம். சுகுமாறன் தெரிந்தவர். இரண்டு வாரம் மெனக்கெட்டால் பதினான்கும் வந்துவிடும். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம், அக்கா, மறந்து அழித்துவிட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வரி எழுதுவதுதான்.

அந்த வரியை எழுத விரல் வரவில்லை. பதினோரு ஆண்டு சர்வர் வேலை பார்த்தவன், செய்தித்தாளில் படம் வந்தவன், ஒரு பெண் குனிந்து கேட்டதை மறந்தான் என்று எப்படி எழுதுவது? மடிக்கணினியைத் திறக்கும்போதே ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது என்று எழுதினார். வேலையில் ஆயிரம் தடவை உண்மையாகவே எழுதிய வாக்கியம்.

பதில் வரக் கொஞ்ச நேரமானது. வந்தபோது, பரவாயில்லை தம்பி, நீங்கள் என்ன செய்வீர்கள், இதற்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றிருந்தது.

டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தார். ஓசைப்படாமல் வீடியோக்களை மீட்டு, எப்படியோ சரியாகிவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்பது எண்ணம். ஆனால் இருபத்தேழில் பாதிக்குமேல் டிஸ்க்குகள் மெய்யாகவே நைந்திருந்தன. மீதி அளவில் சின்னவை. ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டுவரை எல்லா வகுப்புப் பாடத்தையும் தாங்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் தேறியது. அது பதினெட்டாம் எண். திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது; வீடியோக்களை மீட்டுவிட்டு அதன் பிறகு பாடம் ஏற்ற அது போதாது. ஜொகூர் பாருவில் எந்தக் கணினிக் கடைக்குள் நுழைந்தாலும் புது டிஸ்க் கிடைக்கும். ஆனால் முதல் வரி இருந்ததே. அந்த ஒரு வரிக்காக அவர் அலமாரியைத் திறந்தார்.

ஒவ்வொரு நாளும் பாடங்களை ஏற்றினார். ஏற்ற ஏற்றக் காளியப்பன் குறைந்துகொண்டே போவார் என்று அவருக்குத் தெரியும். திரையில் ஓடும் பச்சைப் பட்டையை உட்கார்ந்து பார்க்க முடியாமல், ஏற்றத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார். சாந்தினி டீச்சர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்ல வார்த்தை இல்லை என்றார். சுகுமாறன் வேறு பேச்சை எடுத்தார்.

உலகப்பன் தகட்டுக்கு விவரம் கேட்டார். சுகுமாறன் பதிவேட்டிலிருந்து பட்டியலை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டு ஏணியில் ஏறிக் கேமரா மாட்டப் போனார். கைப்பழக்கம். நினைவகம் இன்னார், மின்கலம் இன்னார், ஹார்ட் டிஸ்க் பதினெட்டு, காளியப்பன் நினைவாகச் சந்திரமதி. பெரிய உறுப்பைக் கொடுத்தவரே விளக்கேற்றட்டும் என்று முடிவு செய்து, உலகப்பனே சந்திரமதிக்குத் தொலைபேசியில் அழைப்பும் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சந்திரமதி கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று எடுத்த சுகுமாறனுக்கு, கேட்ட குரல் அதைவிட மோசமாக இருந்தது. அதில் அத்தனை மகிழ்ச்சி.

"தம்பி, அவரு டிஸ்க்குதான் பெட்டியில ஓடுதாமே, உலகப்பன் ஐயா சொன்னாரு. சரி பண்ணிட்டீங்க போல. அப்ப அவரு வீடியோலாம் இருக்கும்ல?"

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சந்திரமதி அன்று அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. கூடத்து மேசையைத் துடைத்து, மகளின் மடிக்கணினியைத் திறந்து வைத்து, பக்கத்தில் உறை பிரிக்காத பென்டிரைவ் ஒன்றையும் வைத்திருந்தார். அந்தப் பென்டிரைவைப் பார்த்ததும் சுகுமாறனால் உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்; மறந்தது, அழித்தது, பொய் எழுதியது, மேலே பாடம் ஏற்றியது. கடையில் புது டிஸ்க் கிடைக்கும் என்பதையும் விடவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றார் சந்திரமதி.

"அழிச்ச மறுநாளே தெரியும்க்கா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"எல்லாமே கெடைச்சிருக்கும்."

சந்திரமதி மகளின் மடிக்கணினியை மூடினார்.

"நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன் தம்பி."

திட்டியிருந்தால் சுகுமாறன் வாங்கிக்கொண்டு போயிருப்பார். விழா முடியட்டும் என்றோ, பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாது என்றோ சந்திரமதி பெருந்தன்மையாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் மனம் நப்பாசைப்பட்டது. அப்படி ஆசைப்பட்டதற்காக அப்போதே கூசவும் செய்தது. சந்திரமதி அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"கழட்டுங்க. இன்னைக்கே," என்றார்.

அன்று சாயங்காலமே கோத்தா திங்கிக்குப் போய்க் கழற்றினார். வழியில் கடையில் புது டிஸ்க் ஒன்று வாங்கியிருந்தார். பாடங்களின் இன்னொரு பிரதி அவரிடம் இருந்ததால், மறுபடி ஏற்ற இரண்டே நாள்தான் பிடித்தது. இத்தனை சுலபமான காரியத்துக்காகவா என்று நினைக்கும்போதெல்லாம் காது சுட்டது.

உலகப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தகட்டில் அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாம், கூட்டத்தில் எதற்கு, ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவருக்கும் சங்கத்தின் பேர் முக்கியம். சுகுமாறன் ஒத்துக்கொள்ளவில்லை. விழா அன்று ஒலிவாங்கி கைக்கு வந்தபோது, தயாரித்து வைத்திருந்த உரையை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். நன்றாகச் சொல்லவில்லை, நடுவில் குழறினார், ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். கீழே இறங்கியதும் இரண்டு பேர் வந்து, தங்கள் மடிக்கணினியில் என்னென்ன இருந்தது, அதை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்கள். ஒருவர் தம்முடையதைத் திருப்பிக் கேட்டார். விளக்கைத் தலைமையாசிரியர் ஏற்றினார். பிள்ளைகள் பன்னிரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் பாடம் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பெட்டி நன்றாகவே வேலை செய்தது.

சாந்தினி டீச்சர் அன்று அவரிடம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் திட்டத்தைத் திருத்தி அனுப்பினார். முதல் வரி அடிக்கப்பட்டு, அதற்குப் பதிலாகக் கொடுப்பவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி, எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகே தொட வேண்டும் என்று போட்டிருந்தார். மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் யார் போவது என்ற இடம் காலியாக இருந்தது. சுகுமாறன் அதில் தம் பெயரை எழுதாமல் திருப்பி அனுப்பினார்.

பதினெட்டாம் எண்ணைத் தோண்ட ஒன்பது நாளானது. பதினான்கில் முழுதாக ஒன்றும் தேறவில்லை. நாற்பது நொடியில் ஒரு துண்டு மட்டும் படமும் சத்தமுமாகக் கிடைத்தது. அதைக் கொண்டுபோனபோது சந்திரமதி கதவைத் திறந்தார், வாங்க என்று சொல்லவில்லை. வழியை விட்டு விலகி நின்றார்.

துண்டில் ஒரு சட்டி, மேலே புகை, மீன் துண்டுகளைத் திருப்பும் ஒரு கை. முகம் இல்லை. பின்னாலிருந்து சந்திரமதியின் குரல்தான் முழுக்க: கேஸ் தீரப்போகிறது, போனை வைத்துவிட்டு அடுப்பைப் பாருங்கள் என்று.

சந்திரமதி அதை மூன்று முறை பார்த்தார்.

"இதுல நான்தான் கத்திட்டிருக்கேன்," என்றார். பிறகு, திரையைப் பார்த்தபடியே, "அவரு மேல என்ன பாடம் ஏத்துனீங்க?"

அதைக் கேட்பார் என்று சுகுமாறன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தெரியும். ஒன்பது நாளாகத் தோண்டியதில் எதன் அடியில் எது போனது என்று அவருக்கு இடம் இடமாகத் தெரியும்.

"நாலாம் ஆண்டு கணிதம்க்கா. பெரும்பாலும் பின்னம்."

"அவருக்குக் கணக்கே வராது," என்றார் சந்திரமதி.

சிரிப்புக்குச் சொன்னாரா என்று சுகுமாறனுக்குத் தெரியவில்லை. சந்திரமதி சிரிக்கவில்லை. நான்காவது முறையாக அதை ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகுமாறன் செருப்பைத் தேடி வாசலுக்கு வந்தார்.