மைக்செட் மறைத்த குரல்

ஊரில் எல்லோருக்கும் அவன் மைக்செட். பெண் கேட்டுப் போனபோதும் “மைக்செட் வந்திருக்கான்” என்றுதான் உள்ளே சொன்னார்கள். பெண்ணின் தகப்பனார் பகலில் பூட்டு, சாவி ரிப்பேர் பார்ப்பவர். வாரம் ஒருநாள் நபிகளைப் போற்றக் கூடும் ஸலவாத்து மஜ்லிஸில் பைத்து என்கிற புகழ்ப்பாட்டுப் பாடுவார். முதலடியை அவர் எடுத்தால் பின்னடியில் கூடமே சேர்ந்துகொள்ளும். கண்ணைத் துடைக்காமல் வீடு போகிறவர்கள் குறைவு. “பையனுக்குக் காது நல்லா இருக்கு, அது போதும்” என்று பெண்ணைக் கொடுத்தார்.

அந்தக் காதுதான் வினையாயிற்று. மஜ்லிஸுக்கும் மைக் போடுகிறவன் என்பதால், மாமனாரின் குரல் உடைவதை முதலில் கேட்டவன் அவன்தான். சுருதி மேலே போனால் வெறும் காற்றுதான் வந்தது. மைக்செட் வாயைத் திறக்கவில்லை. எக்கோவைக் கொஞ்சம் கூட்டினான். ஒரு ஸ்பீக்கரை அவர் காதுக்கு நேராகத் திருப்பி வைத்தான். அவருக்கும் கூடத்துக்கும் பழைய குரலே கேட்டது.

“வாப்பாகிட்ட பக்குவமா சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். கரண்ட் போனால் பேட்டரி இருந்தது. ஒரு வாரம் மட்டும் அதைச் சார்ஜ் போட மறந்து தொலைத்தான்.

அன்று பைத்தின் பாதியில் கரண்ட் போனது. யாரோ கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது தன் குரல்தான் என்று மாமனாருக்குப் புரிய ஒரு அடி பிடித்தது. நிறுத்திவிட்டார். சபை பின்னடியைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தது. அது வரவேயில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார். “எத்தனை நாளா மாப்ளே?”

“ரெண்டு வருஷம் இருக்கும் மாமா.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாம். நான்தான் பாடுறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அடுத்த வாரம் வேறொருவர் பாட உட்கார்ந்தார், நெட்டையான ஆள். மாமனார் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பின்னடியைச் சபையோடு சேர்ந்து சொல்ல யாருக்கும் நல்ல குரல் தேவையில்லை. அவர் உதடுகூட அசையவில்லை.

மைக்கைப் பழக்கதோஷத்தில் மாமனார் உயரத்துக்கே வைத்திருந்தான் மைக்செட். நெட்டையர் குனிந்து குனிந்து பாடினார். எழுந்து போய் உயர்த்த வேண்டியதுதான். அவனுக்கு மனசு வரவில்லை.

மாமனார் எழுந்தார். பாடத்தான் வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் நகர்ந்து வழிவிட்டார்கள். அவர் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கை நெட்டையரின் வாய்க்கு நேராக உயர்த்தி, இறுக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.