சேர்வர்களைச் சஹனில் உட்கார வைத்தவர்

சாய்ந்தமருதில் குளிரைப் பற்றிப் பேச்செடுத்தால் சாலிஹ் காக்காவைக் கேட்காமல் யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். இருபது வருடம் கடற்கரை ஐஸ் பெக்டரியில் மெக்கானிக்காக இருந்தவர். "குளிர்ண்டா அது என்ட சொல்லுக் கேக்கும்" என்று மார்தட்டித் திரிந்த மனிதர். கொஞ்சம் தலைக்கனம்தான். தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? 2004 மார்கழியில் கடல் வந்து பெக்டரியை அத்திவாரத்தோடு அள்ளிக்கொண்டு போனது. அவரும் மனைவி கமீலாவும் பள்ளிவாசல் மாடியில் ஏறித் தப்பினார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம், குளிர் மட்டுமே தெரிந்த மனிதர் தகரக் கொட்டிலில் வியர்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்த நேரத்தில்தான் நிவாரண அமைப்பொன்று கல்முனையில் ஓர் அறை திறந்தது. கடலோடு போன காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு எல்லாவற்றுக்கும் எங்கெங்கோ கிடந்த பிரதிகளைத் தேடிப் படமெடுத்து அங்கே சேர்த்து வைத்தார்கள். அதற்கென்று வெளிநாட்டுத் தரவு நிலையமொன்றில் கழித்துவிட்ட அறுபது சேர்வர்கள் கப்பலில் வந்திறங்கின. சேர்வர் என்றால் பூதமில்லை. திரை இல்லாமல் இரவு பகலாக ஓடுகிற கொம்பியூட்டர், அவ்வளவுதான். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் அடுப்பைப் போலக் காயும். அறையைக் குளிராக வைத்திருக்க ஆள் தேவைப்பட்டது. சாலிஹை விட்டால் வேறு யார்?

சேர்வர்களை அடுக்கிய ஆளுயர இரும்பு அலுமாரிகளை அவரே வரிசைப்படுத்தினார். நாலு வரிசை, தோளோடு தோள், முகமெல்லாம் ஒரே பக்கம். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் ஸப்பில், அதுதான் தொழுகை வரிசையில், நிற்கிறவருக்கு வரிசை என்றால் வேறு எப்படித் தோன்றும்? அறைக்குப் பொறுப்பாக இருந்த நிப்லா பார்த்துச் சிரித்தாள்.

"என்ன காக்கா, எல்லாரையும் தக்பீர் கட்ட வச்சிட்டீங்க?"

"ஒழுங்குண்டா இதுதான் புள்ள" என்றார் சாலிஹ்.

மாதத்துக்கு ஒரு தடவை நாவிதன்வெளியிலிருந்து நல்லரெத்தினம் வருவார். கல்முனைக் கரையில் மீன்பிடித்தவர். வீடு அலையோடு போக, வயல்பக்கம் சொந்தக்காரரோடு ஒதுங்கியிருந்தார். சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் மகள் சுலோஜனாவை வடக்கே வன்னியில் கட்டிக் கொடுத்திருந்தார். பிறகு சண்டை மூண்டது, பாதை அடைபட்டது, மகளின் கடிதமும் நின்றுபோனது. அவள் தன் பிள்ளை என்று காட்ட அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த அறைக்குள் கிடந்த ஒரு பிறப்புப் பத்திரம் மட்டும்தான். அதைக் கையில் கேட்கவும் மாட்டார். "என்னட்ட இருந்தா இன்னொருக்காத் தண்ணி கொண்டு போயிரும்" என்பார். வாசலில் நின்று விசாரிப்பதோடு சரி.

"தம்பி, புள்ளட பத்திரம் கிடக்கா?"

"கிடக்கு அண்ணன். குளுகுளுண்டு கிடக்கு."

ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

2007 ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசியபோது அறை சாலிஹின் சொல்லை மீறத் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு சேர்வர் செத்தது. அவர் இரண்டாவது ஏசியைப் பொருத்தினார். இன்னும் இரண்டு செத்தன. மூன்றாவதையும் பொருத்தினார். சேர்வர்கள் தின்னும் மின்சாரத்தைவிட ஏசிகள் தின்னும் மின்சாரம் கூடிப்போனது. கரண்ட் நின்றாலோ ஜெனரேட்டர் பகலுக்கு ஆறு கேன் டீசல் குடித்தது. டீசலுக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலம் அது.

கொழும்பிலிருந்து ஹிஷாம் என்ற இஞ்சினியர் வந்தார். இரண்டு நாள் பார்த்தார். "இந்த ஊர் வெக்கைக்கு இது சரிவராது. வாற மாசம் எல்லாத்தையும் கொழும்புக்கு எடுக்கிறோம்" என்றார். அறிக்கையையும் எழுதத் தொடங்கிவிட்டார்.

அன்று பார்த்து நல்லரெத்தினமும் வந்திருந்தார். விஷயம் கேட்டதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொழும்புக்கா? எத்தின செக்பொயின்ட் தம்பி! வன்னியில புள்ள இரிக்கிண்டு செல்லிப் போட்டு நான் போனா, ஆரு என்னத் திருப்பி அனுப்புவான்?"

 இந்த மனிதருக்கு 'கிடக்கு' என்று சொல்ல முடியாமல் போகப்போகிறதே என்று சாலிஹ் தவித்தார். ஊர் வெக்கையைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

மறுநாள் பகல் மச்சான் மீராமுகைதீனின் புதுவீட்டில் விருந்து. சுனாமித் திட்டத்தில் கிடைத்த வீடு. பாய் விரித்து, பெரிய சோற்றுத் தட்டான சஹன்களை வைத்து, சஹனுக்கு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். நடுவில் சோறு, சுற்றிவர முகங்கள். பக்கத்துச் சஹன்காரர்களோடு முதுகுக்கு முதுகு. கறி கொண்டு வந்தவர் முதுகுகளுக்கு இடையால் நடந்து போனார். வியர்வையும் வெக்கையும் அந்தச் சந்தோடு நின்றுவிட்டன. சோற்றுப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

சாலிஹின் கை சோற்றிலேயே நின்றது. இவர்களை ஸப்பு மாதிரி உட்கார வைத்தால்? பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனின் முதுகையல்லவா தின்ன வேண்டும்! சேர்வர் முகத்தால் காற்றை இழுத்து முதுகால் சூட்டைத் தள்ளுகிற சாமான். முன்வரிசை தள்ளிய சூட்டைப் பின்வரிசை இழுத்தது. அதைக் கூடச் சுடவைத்து அதற்கும் பின்னால் நின்றதற்குக் கொடுத்தது. யா அல்லாஹ், ரெண்டு வருசமாக!

"என்ன மச்சான், எறச்சி வேகல்லயா?" என்று மீராமுகைதீன் பதறினார்.

"வெந்திரிக்கி. நான்தான் வேகல்ல" என்று சொல்லி எழுந்து கை கழுவினார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது இன்னொரு யோசனையும் வந்தது, ஒளிக்க வேண்டியதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அலுமாரிகளை மட்டும் திருப்பிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஆனால் பழி ஊர் வெக்கையின் மேல் கிடக்கிற மட்டும் அந்த அறிக்கையும் அப்படியேதான் கிடக்கும். அறை போய்விடும். குளிரின் சொந்தக்காரன் என்று இருபது வருடம் சேர்த்த பெயரை வெட்டிப் புதைத்தால்தான் அறை மிஞ்சும். மனம் வலித்தது. வலித்தாலும் மிதித்தார்.

ஹிஷாமைக் கையோடு பிடித்து இரண்டாம் வரிசைக்கு முன்னால் நிறுத்தி, "முகத்த இஞ்ச வச்சிப் பாருங்க சேர்" என்றார். அனல் முகத்தில் அடித்தது. "ஊர்ட வெக்கையில பிழை இல்ல. முன்னால நிக்கிறவன் விடுற மூச்சத்தான் பின்னால நிக்கிறவன் குடிக்கிறான். இப்பிடி வச்சது நான்."

"அப்ப, மூணு மிஷின் செத்தது?"

"ஓம் சேர். என்னாலதான்."

நிப்லா வாயில் கையை வைத்தாள்.  ஹிஷாம் சட்டைக் கையை மடித்தார். "பெரிய தரவு நிலையங்கள்ல முகத்துக்கு முகமாத்தான் வைப்பாங்க. நானும் பார்த்திருக்கணும். திருப்புவோம்."

இரண்டு நாள் வேலை. அலுமாரிகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாகத் திருப்பினார்கள். குளிர் ஒரு சந்திலும் சூடு மறு சந்திலும் போக, நெல் காயப்போடும் படங்குச் சீலையை இடையில் கட்டித் தொங்கவிட்டார் சாலிஹ். சேர்வர்களின் முகத்தில் காற்றை மறித்த அலங்காரத் தட்டுகளை நிப்லா கழற்றி எறிந்தாள். முப்பது சேர்வர்கள் சும்மா நின்றபடியே மின்சாரம் தின்பதைக் கண்டுபிடித்து, அவற்றின் வேலையை மற்றவற்றுக்கு மாற்றி அணைத்தாள். மூன்றாம் நாள் ஒரு ஏசி போதுமென்று ஆனது. ஜெனரேட்டருக்கு இரண்டு கேன் டீசலே போதும். ஹிஷாம் அறிக்கையை மாற்றி எழுதினார். அறை கல்முனையிலேயே நின்றது.

ஒரு ஏசிக்கு முழுநேர ஆள் எதற்கு? அடுத்த மாதமே சாலிஹின் வேலை போனது. அலுமாரியைத் திருப்பும்போதே அது அவருக்குத் தெரியும்.

"ஒங்கட வேலைக்கு ஒங்கட கையாலயே வேட்டு வச்சிட்டீங்களே!" என்று கமீலா அழுதாள்.

"அறை கிடக்குத்தானே" என்றார் அவர்.

திருப்பிக் கட்டிய ஐஸ் பெக்டரியில் மறுபடி சேர்ந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அறைக்குப் போய் ஏசி வடிகட்டியைக் கழுவிவிட்டு வருவார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை.

2009 ஆனியில் அப்படியொரு வெள்ளிக்கிழமை நல்லரெத்தினம் ஓடி வந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. சண்டை முடிந்து ஒரு மாதம். கையில் கசங்கிய துண்டுக் கடிதம்.

"தம்பி, புள்ள உசிரோட இரிக்கிறாள்! வவுனியா முகாமில. தகப்பன்தான் எண்டு காட்டக் கடதாசி கேக்கானுகள். கிடக்கா தம்பி? இன்னும் கிடக்கா?"

 நிப்லா பெயரைத் தட்டினாள். அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. சாலிஹ் அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நல்லரெத்தினம் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சூடாக் கிடக்கு தம்பி" என்றார், அழுதுகொண்டே.

"ஓம் அண்ணன்" என்றார் சாலிஹ். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சூடு அவருக்குப் பிடித்திருந்தது.